படகில் எடுத்த படம் ஏன் கெட்டது? லென்ஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

போன தை மாதம் என் அக்கா மகன் பிச்சாவரம் போய்விட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என்னிடம் வந்தான். முகம் வாடியிருந்தது. "மாமா, 300 பத்தல. 600 வாங்கணும். தவணையிலயாவது வாங்கிடறேன்" என்றான். லென்ஸின் மில்லிமீட்டரைத்தான் சொல்கிறான், எண் கூடினால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். கார்டை வாங்கி லேப்டாப்பில் போட்டு, ஒவ்வொரு படத்தையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒன்றில் மீன்கொத்தி கலங்கியிருந்தது, அதற்குப் பின்னால் இருந்த வேர் பளிச்சென்று இருந்தது. ஒன்றில் கொக்கு வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. பத்துப் பதினைந்து படங்களில் பறவை, இலை, தண்ணீர் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தன. உச்சி வெயிலில் எடுத்தவற்றில் ஓரங்கள் நெளிந்தன. தூரம் ஒன்றுதான் காரணம் என்று சொல்லக்கூடிய படங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. மற்ற படங்களை 600 மி.மீ. லென்ஸ் காப்பாற்றியிருக்காது. இன்னும் கெடுத்திருக்கும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கேமராவோடு படகு ஏறுகிற பலருக்கும் இதுதான் நடக்கிறது. அதனால் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், கெட்டுப்போன படங்களை முதலில் காட்டச் சொல்கிறேன். கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் வாங்க வேண்டியது என்ன என்பதும் தெரிந்துவிடும். பல நேரம் எதையும் வாங்க வேண்டியிருக்காது. பிச்சாவரத்துத் துடுப்புப் படகு, சுண்ணாம்பாற்றிலிருந்து பாரடைஸ் கடற்கரைக்குப் போகும் மோட்டார் படகு, மீனவர்களின் ஃபைபர் படகு, சென்னையில் ஏறுகிற சொகுசுக் கப்பல் என்று எதில் போனாலும் இந்த முறை உதவும்.

கேமராவின் சின்னத் திரையை நம்ப வேண்டாம். அதில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். பெரிய திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூன்று விஷயம் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறதா? பறவை கலங்கி, வேறு ஏதாவது துல்லியமாக இருக்கிறதா? எதுவுமே துல்லியமில்லை, ஆனால் இழுவையும் இல்லையா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

கேமரா ஆடியிருக்கிறது. கரையில் நிற்பவருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 300 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் வேகம் குறைந்தது 1/300 நொடி இருக்க வேண்டும் என்பார்கள். படகில் அந்தக் கணக்கு செல்லாது. படகு ஆடுகிறது, நாம் ஆடுகிறோம், பறவையும் அசைகிறது. துடுப்புப் படகில் 1/800க்குக் கீழே நான் இறங்குவதில்லை. எஞ்சின் ஓடும் படகில் 1/1600. கடலில் அலை மேல் இருக்கும்போதும், பறவை பறக்கும்போதும் 1/2000 அல்லது அதற்கு மேல். ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, தானியங்கியில் விட்டு, உச்ச வரம்பை 6400 என்று வைத்துவிடுங்கள். "ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாக வருமே" என்று பயந்து பலர் 400லேயே நிறுத்தி ஷட்டரைக் குறைத்துவிடுகிறார்கள். புள்ளிகளை மென்பொருளில் பெருமளவு நீக்கலாம். இழுபட்ட படத்தை அப்படி மீட்க முடியாது.

வேகத்தை ஏற்றியும் சன்னமான நடுக்கம் தெரிகிறதென்றால் எஞ்சினைச் சந்தேகப்படுங்கள். ஒரு தடவை ஃபைபர் படகில் லென்ஸைப் பலகையில் சாய்த்துக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். படகோட்டி அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் தண்ணீர் பாட்டிலை எடுத்து அதே பலகையில் வைத்தார். "தம்பி, தண்ணியப் பாருங்க" என்றார். பாட்டிலுக்குள் தண்ணீரின் மேற்பரப்பில் மெல்லிய வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடுங்கிக்கொண்டே இருந்தன. படகு ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, இந்த நடுக்கம் தெரிவதில்லை. பாட்டிலை அவர் கையில் தூக்கிப் பிடித்ததும் வட்டங்கள் நின்றுவிட்டன. "மரத்துல வைக்காதீங்க, கையில தூக்கிப் புடிங்க" என்றார். அவர் கேமராவைத் தொட்டவரே இல்லை. ஆனால் எந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆகவே டிரைபாடு, ஒற்றைக்கால் மோனோபாடு இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அவை எஞ்சினின் நடுக்கத்தை அப்படியே லென்ஸுக்குக் கொண்டுபோகும். கப்பலின் கைப்பிடிக் கம்பிக்கும் இதுதான். அதில் லென்ஸைச் சாய்க்காதீர்கள், முழங்கையை ஊன்றாதீர்கள். படகில் உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்புக்கு மேலே உடம்பைத் தளர்வாக விட்டால் நம் உடம்பே அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். அதைவிட நல்லது, "அண்ணே, கொஞ்சம் எஞ்சினை அணைச்சிடுங்க" என்று கேட்பது. பெரும்பாலும் சரி என்பார்கள். படகு சத்தமில்லாமல் மிதந்து போகும்போது பறவையும் அவ்வளவாக மிரளாது. பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா என்று கேட்டால், படம் எடுக்க வருபவர் யோசிக்காமல் துடுப்புப் படகைச் சொல்லலாம். சின்னக் கால்வாய்களுக்குள் நுழைவதும் அதுதான்.

லென்ஸின் எடை இந்த இடத்தில்தான் கணக்குக்கு வருகிறது. டாம்ரான், சிக்மா இரண்டின் 150-600 லென்ஸும் ஏறத்தாழ 2 கிலோ. கேமரா பாடியோடு சேர்த்தால் 3 கிலோவை நெருங்கும். டிரைபாடும் இல்லாமல், ஆடும் படகில், இரண்டு மணி நேரம் கையில் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதல் அரை மணி எல்லாருக்கும் முடியும். அதற்குப் பிறகு கை நடுங்கும், லென்ஸ் மடியில் கிடக்கும், பறவை வரும்போது தூக்க நேரம் ஆகும். கேனானின் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம். கேனான் 55-250 லென்ஸ் 375 கிராம். கடையில் லென்ஸைக் கையில் கொடுத்தால், கண்ணில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று பார்க்க வேண்டாம்.

பறவை கலங்கல், பின்னால் இருக்கும் வேர் துல்லியம்

ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. அலையாத்திக் காட்டில் இது அடிக்கடி வரும். சுரபுன்னையின் தாங்கு வேர்கள் கோடு கோடாக, கருப்பும் வெளிச்சமுமாக இறங்கி நிற்கின்றன. கேமராவின் ஃபோகஸ் அப்படிப்பட்ட அழுத்தமான கோடுகளைத்தான் முதலில் பிடிக்கும். வேருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குருட்டுக் கொக்கு மண் நிறத்தில் இருப்பதால் அதைக் கண்டுகொள்ளாது. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள பறவைக் கண் ஃபோகஸ், திறந்த வானத்தில் அருமையாக வேலை செய்கிறது. வேர்க் கூட்டத்துக்குள் அதுவும் தடுமாறும்.

மரத்துக்குள் நுழைந்ததும் ஃபோகஸ் பகுதியைச் சின்ன ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். வெளிநீருக்கு வந்ததும் அகலப் பகுதிக்குத் திரும்புங்கள். தொடர் ஃபோகஸில் வைத்து, ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிக்கொண்டால், குறுக்கே ஒரு கிளை வரும்போது விரலை எடுத்துவிடலாம். லென்ஸில் ஃபோகஸ் எல்லைக்கான சுவிட்ச் இருந்தால், அது எங்கே நிற்கிறது என்று படகு ஏறும் முன் பாருங்கள். தூரத்துக்கு மட்டும் என்று வைத்துவிட்டால் கிட்டத்தில் வந்த பறவைக்கு லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும், நிற்காது.

சுவிட்ச் சரியாக இருந்தும் கிட்டத்துப் பறவைக்கு ஃபோகஸ் ஆகவில்லை என்றால், லென்ஸின் குறைந்தபட்சத் தூரத்துக்குள் போய்விட்டீர்கள். 150-600 வகை லென்ஸ்களுக்கு அது இரண்டு மீட்டருக்கும் மேல். குறுகலான கால்வாயில் நண்டும் சேற்றில் தாவும் மீனும் அதைவிடக் கிட்டத்தில் இருக்கும். அங்கே பெரிய லென்ஸ் பாரம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படகை நிலைநிறுத்த ஓரத்துக் கிளையைப் பிடிக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இந்தக் காட்டில் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணருகே கேமராவைப் பிடிக்கிற கையில் அந்தப் பால் வேண்டாம்.

எதுவுமே துல்லியமில்லை, இழுவையும் இல்லை

இது ஒரே கோளாறு போலத் தெரியும். ஆனால் பின்னால் மூன்று காரணங்கள் இருக்கின்றன: கானல், நீராவி, உப்பு. லென்ஸைக் குறை சொல்லும் முன் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தொடர்ச்சியாக எடுத்த ஐந்தாறு படங்களை அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள். ஓரங்கள் படத்துக்குப் படம் நெளிந்து மாறினால் அது கானல். உப்பனாற்றுச் சேற்றுத் திட்டுகள், தேவனாம்பட்டினத்து மணல், கொதிக்கும் கப்பல் தளம் ஆகியவற்றின் மேல் சூடான காற்று எழும்பி ஒளியை வளைக்கிறது. இதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. லென்ஸ் நீளமானால் கானலும் சேர்ந்து பெரிதாகும். காலை ஒன்பதுக்குள் போங்கள், அல்லது கிட்டத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். கப்பலில் புகைபோக்கிக்குப் பின்பக்கம் நிற்காதீர்கள். அந்தச் சூட்டின் வழியாக எடுத்தால் காலை ஏழு மணிக்கும் இதே நெளிவு வரும். குளிர்பதன அறையின் கதவைத் திறந்து வைத்து உள்ளிருந்து எடுத்தாலும் இப்படித்தான் ஆகும்.

நீராவி வேறு. படம் முழுக்க மங்கிப் பால் ஊற்றியதுபோல இருக்கும், நடுப்பகுதி ஓரத்தைவிட மங்கலாக இருக்கலாம், சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும். விடுதி அறையிலோ கப்பல் அறையிலோ ஏசி 22 டிகிரியில் ஓடுகிறது. வெளியே 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் தண்ணீராகப் படியும். கேமரா 22ல் இருக்கிறது, அதனால் வெளியே வந்ததும் வேர்த்துவிடுகிறது. துடைத்தால் மறுபடியும் படியும். உள் கண்ணாடியில் படிந்ததைத் துடைக்கவும் முடியாது. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரிலும் படியும்.

அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடிவிட்டு, அப்படியே வெளியே கொண்டுபோய் அரை மணி நேரம் வையுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமரா தப்பிக்கும். சூரிய உதயம் எடுக்கப் போகிறவர்கள் ஐந்து மணிக்கே பையை பால்கனியில் வைத்துவிட வேண்டும். பால்கனி இல்லாதவர்கள் ராத்திரியே குளியலறையில் வைக்கலாம். பெரும்பாலும் அங்கே அவ்வளவு குளிர் இருக்காது.

அப்புறம் உப்பு. எங்கள் ஊர்க் கேமராக்களுக்கு முதல் எதிரி இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உப்பு படிந்த லென்ஸில் எடுத்த படம் இருட்டாக இருக்காது. கருப்பு இருக்க வேண்டிய இடம் சாம்பலாக இருக்கும். சூரியன் பக்கவாட்டில் இருந்தால் படம் முழுக்க ஒரு வெளிச்சப் படலம் பரவும். நீராவிபோலத் தானாகச் சரியாகாது, நாள் போகப் போக அதிகமாகும். சோதிப்பது எளிது. இருட்டான அறையில் கைபேசி டார்ச்சை லென்ஸின் பக்கவாட்டிலிருந்து, கண்ணாடிமேல் படுத்தாற்போல அடியுங்கள். நேராகப் பார்த்தால் சுத்தமாகத் தெரிந்த கண்ணாடியில், மாவு சலித்துத் தூவியதுபோல நுண்ணிய வெள்ளைப் பொட்டுகள் தெரியும். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் ஒரு வளையம் இருக்கும். அலைத் துளி விழுந்து, தண்ணீர் காய்ந்து, ஓரத்தில் உப்பு நின்ற தடம் அது. படகில் தண்ணீர் தெறிக்காவிட்டாலும் கடற்காற்றே இதைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இந்தப் பொட்டுகளை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. நான் அதைச் செய்திருக்கிறேன். பல வருஷம் முன்பு தேவனாம்பட்டினத்தில், ஓங்கில் (டால்பின்) கூட்டம் வந்துவிட்டது என்று யாரோ கத்த, அவசரத்தில் வேட்டி முனையால் லென்ஸைத் துடைத்தேன். உப்புப் படிகம் கண்ணாடிப் பூச்சில் வட்ட வட்டமாகக் கீறிவிட்டது. அந்த லென்ஸ் இன்றும் என்னிடம் இருக்கிறது, எதிர்வெயிலில் அந்தக் கீறல்கள் ஒளிர்கின்றன. அந்த லென்ஸுக்காக ஏழு மாதம் பணம் சேர்த்திருந்தேன்.

முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். பிறகு குடிக்கிற நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை அழுத்தாமல் கண்ணாடிமேல் ஒற்றி எடுங்கள். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், தேய்க்க வேண்டியதில்லை. இரண்டு முறை ஒற்றியபின் லென்ஸ் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கலாம். பாடியையும் லென்ஸ் குழாயையும் இப்படியே ஈரத்துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். படகிலிருந்து இறங்கிய அன்று ராத்திரியே செய்ய வேண்டும். மறுநாள் என்றால் உப்பு ஈரத்தை இழுத்து லென்ஸ் பொருத்தும் உலோக வளையத்திலும் திருகுகளிலும் அரிக்கத் தொடங்கும்.

லென்ஸைக் காக்க முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் வேண்டாம், துல்லியம் குறையும் என்பவர்கள் உண்டு. கரையில் நானும் மாட்டுவதில்லை. படகில் மாட்டுகிறேன். கீறினால் ஃபில்டரை மாற்றலாம். ஆனால் மலிவான ஃபில்டரை நீள லென்ஸில் மாட்டினால் படம் மென்மையாகிவிடும். ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என வீட்டு மாடியிலிருந்து எதிர்வீட்டுச் செடியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

லென்ஸில் உப்பு படிவதைவிட, கடற்காற்றில் லென்ஸ் மாற்றுவது ஆபத்து. அதனால்தான் படகுக்கு ஒரே ஒரு ஜூம் லென்ஸ், காட்சிகளுக்குக் கைபேசி என்கிறேன். இரண்டு பாடி இருப்பவர்கள் இரண்டிலும் ஒவ்வொன்று மாட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் கேமராவைத் தோல் பையில் பீரோவுக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

கொக்கு வெள்ளைத்தாள், நீர்க்காகம் வெறும் நிழல்

கேமரா சராசரி வெளிச்சத்தைத் தேடுகிறது. கருப்புத் தண்ணீருக்கு நடுவே வெள்ளைக் கொக்கு நின்றால் தண்ணீருக்காகப் படத்தைப் பிரகாசமாக்கும், கொக்கின் இறகு விவரம் போய்விடும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). வெளிறிய வானத்துக்கு எதிரே செம்பருந்தோ நீர்க்காகமோ பறந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மிகை வெளிச்சம் மினுக்கும் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். ரா வடிவத்தில் (கேமரா மெருகேற்றாத மூலக்கோப்பாக) எடுத்தால் இருட்டை ஓரளவு மீட்கலாம். வெள்ளையாய்ப் போனதை மீட்க முடியாது.

காட்சிப் படம் சப்பென்று இருக்கிறது

நம் கரை கிழக்கைப் பார்க்கிறது. இதை மனதில் வைத்தால் பாதி தீர்ந்தது. கடலிலிருந்து புதுச்சேரியைப் பார்த்தால், காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். 1836ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, கடற்கரைச் சாலையின் வெள்ளைக் கட்டடங்கள் எல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில் நேராகக் கிடைக்கும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும், நகரம் வெறும் கருங்கோடாகத்தான் வரும். மாலைப் பயணச்சீட்டு வாங்கிவிட்டு லென்ஸ் சரியில்லை என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலையில் படகில் இருந்தால் நகரத்தை விட்டுவிட்டு, சுண்ணாம்பாற்றுத் தென்னைகளின் நிழலுருவை எடுங்கள்.

தண்ணீர் பளபளத்து நிறமே இல்லாமல் இருந்தால் போலரைசர் ஃபில்டர் உதவும். நீர்ப்பரப்பைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது வேலை செய்யும், நேர் மேலிருந்து பார்த்தால் பயனில்லை. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னும். அதனால் காட்சிக்கு மட்டும் மாட்டி, பறவைக்கு முன் கழற்றிவிடுங்கள். மிக அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் வந்தால், காரணம் இந்த ஃபில்டர்தான்.

அடிவானம் சாய்ந்தால் கேமராவின் மின்னணு மட்டக்கோட்டை இயக்குங்கள். படகு ஆடும்போது அதைத் துரத்தாமல், தொடர்ச்சியாக நாலைந்து எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெட்டிச் சரிசெய்ய ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். நகரும் படகிலிருந்து பல படம் எடுத்து ஒட்டும் பனோரமா, கிட்டத்து மரங்கள் இருந்தால் ஒட்டாது. தூரத்துக் கரை மட்டும் என்றால் ஒட்டும்.

கப்பல் ஜன்னல் வழியாக எடுத்ததில் அறை விளக்கு தெரிகிறதா? விளக்கை அணைத்து, லென்ஸின் ரப்பர் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டி எடுங்கள். போலரைசரை அங்கே கழற்றுங்கள், சில கண்ணாடிகளில் வானவில் பட்டைகள் வரும். ராத்திரித் தளத்தில் எல்இடி விளக்கடியில் வரிவரியாகக் கோடு விழுந்தால், மின்னணு ஷட்டரிலிருந்து இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள்.

ஓங்கில் போன பிறகு வெறும் கடல்

கார்டு முழுக்க நீர்த்திவலைகளும் அலைகளும்தான் என்றால் ஜூமை முழுக்க இழுத்துவைத்துக் காத்திருந்திருக்கிறீர்கள். ஓங்கில் தலை தூக்கிய இடத்தில் மறுபடி தூக்காது, போகிற திசையில் கொஞ்சம் தள்ளித்தான் தூக்கும். ஜூமைப் பாதியில் வைத்து, இரண்டு கண்ணையும் திறந்து, அது போகும் வரிசையைப் பாருங்கள். இரண்டு முறை எழுந்ததைப் பார்த்துவிட்டால் மூன்றாவது முறை எங்கே எழும் என்று கைக்குத் தெரியும்.

அப்போது கேமரா நின்றுவிட்டால், பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) நிரம்பிவிட்டது. கார்டு மெதுவாக எழுதுகிறது. லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு கார்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எழுதும் வேகம் வி60 என்று போட்ட கார்டை உங்கள் கேமரா ஏற்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

பங்குனி ஆமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தை முதல் பங்குனி வரை ராத்திரியில் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. ஃபிளாஷ், டார்ச் எதுவும் வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அந்தப் படம் நமக்கு வேண்டாம்.

ஜூம் வளையம் கரகரக்கிறது, அல்லது கேமராவில் கடல்நீர் பட்டுவிட்டது

கரகரப்பு என்றால் மணல். பாரடைஸ் கடற்கரையில் பையை மணலில் வைத்ததன் பலன். வளையத்தை வலிந்து திருப்பாதீர்கள், ஊதிவிட்டுச் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

கடல்நீர் உள்ளே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே அணைத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி இயக்குவதுதான் பெரும்பாலான கேமராக்களைக் கொல்கிறது. வெளியே நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனாலும் பறவை சின்னது

படம் கூர்மை, வெளிச்சம் சரி, ஃபோகஸ் கண்ணில், ஆனால் பறவை மட்டும் கடுகளவு. இப்போதுதான் நீள லென்ஸைப் பற்றிப் பேச வேண்டும். வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸின் மில்லிமீட்டரைப் பறவையின் உயரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சாரில் பறவை எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்று வரும். உயரமும் தூரமும் மீட்டரில் இருக்க வேண்டும்.

சின்னக் கொக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர். 30 மீட்டர் தூரத்தில், 300 மி.மீ. லென்ஸில், 300ஐ 0.6ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 6 மி.மீ. சாதாரண ஏபிஎஸ்-சி (முழுச் சென்சாரைவிடச் சின்ன வகை) சென்சாரின் உயரம் 15, 16 மி.மீ. அதாவது கொக்கு படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிற்கும். தாராளம். குளிர்காலத்தில் பிச்சாவரம் வரும் கருந்தலை மீன்கொத்தி 0.28 மீட்டர். 20 மீட்டரில் 4.2 மி.மீ., கால் பங்குக்கு மேல். வெட்டி எடுத்தால் நல்ல படம். சொகுசுக் கப்பல் தளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி ஓங்கிலின் முதுகு ஒரு மீட்டர் தெரிகிறதென்றால், 300ல் ஒன்றரை மி.மீ., 600ல் 3 மி.மீ. முழுச் சென்சாரின் (ஃபுல் ஃபிரேம்) அகலம் 36 மி.மீ. பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். அந்தத் தூரத்துக்கு 600ம் போதாது.

கப்பல் பயணிகள் இதை மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் படகில் உட்கார்ந்தால் கண் தண்ணீரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும், உயிர்கள் கிட்டத்தில் வரும். கப்பல் தளம் 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் 16 கிலோமீட்டர் தள்ளி அடிவானம் தெரியும், ஆனால் எல்லாம் தூரம், எல்லாம் மேலிருந்து கீழே. கப்பலில் காட்சியும் மேகமும் நன்றாக வரும், உயிரினம் எப்போதாவதுதான் வரும்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இது. பிச்சாவரம், சுண்ணாம்பாறு என்று போகிறவரை கையில் இருக்கிற 70-300 போதும். சேமித்த பணத்தில் நல்ல கார்டு, இன்னொரு பேட்டரி, நல்ல ஃபில்டர், ஈரப்பதமானியோடு டப்பா வாங்கு. மீதியில் வாரநாள் காலையில் துடுப்புப் படகில் இரண்டு முறை போய் வா. கடலுக்குள் அடிக்கடி போகத் தொடங்கினால், ஊசுடு ஏரியின் கரையிலிருந்து நடு ஏரிக் கூழைக்கடாவை எடுக்க ஆசைப்பட்டால், அப்போது 100-400 அல்லது 100-500 வகையில் தேடலாம். கேனான் ஆர்எஃப் 100-500 லென்ஸ் ஒன்றரை கிலோவுக்குள் இருக்கிறது, கையில் பிடிக்கலாம். சோனியின் 200-600 லென்ஸ் 2 கிலோவுக்குச் சற்று மேல். கரையில் அருமை, படகில் தோள் பலம் வேண்டும்.

பெரிய கேமராவே வேண்டாம் என்பவர்களுக்கு நிகான் பி950, பி1000 போன்ற, லென்ஸைக் கழற்ற முடியாத ஒரே உடம்புக் கேமராக்கள் உண்டு. முழுச் சென்சார் கணக்கில் பி1000 3000 மி.மீ. வரை போகும். நிலா எடுக்க அருமை. ஆனால் ஆடும் படகில் 3000 மி.மீ.யில் பறவையைச் சட்டத்துக்குள் வைத்திருப்பதே பெரும்பாடு. சென்சார் சின்னது என்பதால் அலையாத்தி நிழலில் திணறும். வாங்கினால் வெயிலுள்ள வெளிநீரில், பாதி ஜூமில் பயன்படுத்துங்கள்.

மாசியில் அக்கா மகன் மறுபடி பிச்சாவரம் போனான். அதே 300, துடுப்புப் படகு, காலை ஆறரை மணி, ஷட்டர் 1/1000, ஒற்றைப் புள்ளி. அனுப்பிய படத்தில் மீன்கொத்தியின் சிவந்த அலகில் பிடிபட்ட மீனின் செதில்கள் எண்ணும்படி இருந்தன.